வராத கடைசிச் சுருள்

அலமாரியை நகர்த்தும்போது மேல்தட்டிலிருந்து ஒரு தகர டப்பா விழுந்தது. விழுந்த வேகத்தில் மூடி கழன்று, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலிக் காலில் முட்டி அடங்கியது. உள்ளே இருந்த சட்டைப் பொத்தான்களும் திருநீற்றுப் பொட்டலமும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் தரையெங்கும் சிதறின. கூடவே, பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்பு நிற அடையாள அட்டை ஒன்று.

“என்ன பாட்டி, இவ்ளோ பெரிய பிஸ்கட் டின்னா?” என்று கேட்டான் பேரன்.

பினாங்கு மாநிலத்து ஜுருவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அந்தப் பாட்டி டீச்சர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை. ஜுரு டோலை நோக்கி ஓடும் லாரிகளின் இரைச்சல் இரவிலும் ஓயாது. டீச்சர் தரையில் உட்கார்ந்து டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். துருவும் சூடமும் பழைய காகிதமும் கலந்த மணம். மூடியில் ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்திருந்தது. மை மங்கிப் போனாலும் எழுத்தைப் படிக்க முடிந்தது. ‘நடு இரவில்’. அதற்குக் கீழே, வட்டம் போட்டு, 4.

பிஸ்கட் டின் இல்லை. சினிமாப் படச்சுருள் வைக்கிற டப்பா. அதற்குள் இருந்திருக்க வேண்டிய நான்காவது சுருள் இல்லாமல்போனதால், ஒரு தோட்டமே வாரக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

அப்போதெல்லாம் ஜுரு என்றால் டோலும் கிடையாது, இன்றைக்கு இரவெல்லாம் விளக்கெரியும் ஆட்டோ சிட்டியும் கிடையாது. ஒரு பக்கம் ஜுரு மலை. இன்னொரு பக்கம் கடலுக்குப் போகும் ஜுரு ஆறு. ஆற்று முகத்தில் கெராங் சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் மலாய்க் கம்பம். இடையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பால்மரம். டீச்சர் பிறந்த தோட்டம் அந்த மரங்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. செம்மண் பாதையில் இரண்டு கட்டை நடந்தால்தான் பஸ் போகிற ரோடு வரும். விடிவதற்கு முன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அதன்பின் ஆளுக்கொரு நிரை. வெட்டிய பால் மங்குகளில் சேர்ந்து, தோம்புகளில் ஊற்றப்பட்டு, ஸ்டோருக்கு வந்து நிறுவை முடியும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்துக்குள்தான். வெளியே போகவேண்டிய தேவையே வராத மாதிரி அமைக்கப்பட்ட இடம் அது. வெளியே போகத் தெரியாமல் மனிதர்கள் பழகிப்போனதும் அதனால்தான்.

தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு மரங்களின் இருட்டு லயத்து வீடுகளுக்குள் நடந்து வரும் என்பாள் டீச்சரின் பாட்டி.

படம் வருவது வருடத்தில் இரண்டு மூன்று முறை. கோயில் திருவிழாவுக்கு ஒன்று நிச்சயம். படக்காரர் வேன் செம்மண் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். ஐந்து மணிக்கே பாய்கள் விரிந்துவிடும். யார் பாய் எந்த இடத்தில் என்பது தலைமுறை தலைமுறையாக எழுதாத பட்டா. கிராணி வீட்டு நாற்காலிகளுக்கு முன்வரிசை. தாமதமாக வருகிறவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார வேண்டியதுதான். அங்கிருந்து பார்த்தால் கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியும். டீச்சரும் அவர் அண்ணனும் பலமுறை பின்பக்கம் உட்கார்ந்து அந்தத் திரும்பிய எழுத்துகளைப் போட்டி போட்டுப் படித்திருக்கிறார்கள். தமிழை முன்னும் பின்னும் வாசிக்கப் பழகியது அங்கேதான் என்று பின்னாளில் மாணவர்களிடம் சொல்வார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு எம்.ஜி.ஆர் படம் என்று பேச்சு. வேனிலிருந்து இறங்கிய டப்பாக்களில் வேறு பெயர் இருந்தது. எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை என்று தெரிந்ததும் கள்ளுக்கடைப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. அப்போது பாட்டிதான் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

“எடுத்தது யாரு?”

“வீணை பாலசந்தர்னு போட்டிருக்கு பாட்டி.”

“பாட்டே இல்லாம படம் எடுத்த ஆளு. உக்காருங்க. கண்ணை மூடிக்கிட்டே பார்க்க வேண்டியிருக்கும்.”

பாட்டி சொன்ன அந்தப் பாட்டில்லாத படம் ‘அந்த நாள்’. 1954-இல் ஏவி.எம் தயாரிப்பில் வந்தது. பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாமல் தமிழில் ஒரு படம் எடுக்க முடியும் என்று காட்டியது. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன 1943 அக்டோபர் நாளில் கதை தொடங்கும். சிவாஜி சுடப்பட்டுச் செத்துக் கிடப்பார். யார் சுட்டது என்பதை ஒவ்வொருவரும் அவரவர் பார்வையில் சொல்வார்கள். பாட்டி அதைப் பினாங்கு பட்டணத்தில் பார்த்தவள். படத்தில் கேட்ட விமானச் சத்தத்துக்குக் கொட்டகையிலேயே காதைப் பொத்திக்கொண்டாளாம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கின் மேல் குண்டு போட்டதை நேரில் கேட்ட காது அது. அதற்கடுத்த ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனபோது தாத்தாவும் போனார். திரும்பவில்லை.

சுந்தரம் பாலசந்தரை வீணை மேதை என்றுதான் இன்று பலருக்குத் தெரியும். 1927-இல் பிறந்து, ஏழு வயதில் ‘சீதா கல்யாணம்’ படத்தில் நடித்து, பிறகு வீணையைத் தானாகவே கற்றுக்கொண்டு உலகம் சுற்றி வாசித்தவர். 1990-இல் பிலாய் நகரில் காலமானார். சினிமாவில் அவர் பெயர் சொல்லும் படங்கள் கறுப்பும் வெள்ளையுமான மர்மங்கள். 1964-இல் வந்த ‘பொம்மை’, அதற்குப் பின் 1970-இல் ‘நடு இரவில்’. இயக்கியதும் இசையமைத்ததும் அவரே. படத்தில் வரும் மருத்துவரும் அவர்தான். வீணையின் ஒவ்வொரு மீட்டலுக்கும் இடையிலான மௌனத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்று தெரிந்த மனிதர், கதவு திறப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தார்.

கதை இதுதான். ஏரிக்கு நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு பங்களா. அதில் மேஜர் சுந்தர்ராஜன், மனம் பேதலித்த மனைவியோடு வாழ்கிறார். மனைவி பொன்னியாகப் பண்டரிபாய். மேஜருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் ஆயுள் என்கிறார் மருத்துவர். உறவினர்களுக்குச் சொல்லி அனுப்ப, சொத்து வாசனை பிடித்து எல்லாரும் வந்து சேர்கிறார்கள். சௌகார் ஜானகியும் சோவும் வரும் பெரிய கூட்டம். பிறகு, பெயருக்கேற்றபடி, நடு இரவில் ஒருவர் சாகிறார். அடுத்து இன்னொருவர். வெளியாள் யாரும் இல்லாத தீவில் கொன்றவன் உள்ளே இருப்பவன்தான். தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனை நம்ப முடியாமல் போகிற பயம்தான் படம். அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய தீவுக் கொலைக் கதையின் நிழல் இதில் உண்டு. ஆனால் அங்கே கூடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். இங்கே எல்லாரும் சொந்தக்காரர்கள். அந்த ஒரு மாற்றம் போதும், கதை நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிடுகிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தீவு என்றால் பினாங்கு இல்லை. அது பட்டணம். தீவு என்றால் பத்து காவான். ஜுருவுக்குத் தெற்கே, ஆறுகள் நிலத்திலிருந்து பிரித்துவைத்திருந்த தோட்டத் தீவு. டீச்சரின் பெரியம்மா அங்கேதான் பால் வெட்டினார். படகில்தான் போய்வர வேண்டும். மழைக்காலத்தில் நீர் கறுத்து ஓடும்போது படகுக்காரர் வரமாட்டார், அந்த இரவுகளில் பெரியம்மா வீட்டில் தங்கும் சிறுமிக்கு அக்கரை விளக்குகள் வேறு நாடுபோலத் தெரியும். ஆகவே அந்தப் படத்தில் ஏரியைக் காட்டியதும் அவளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

முதல் சுருள் முடிந்து மாற்றும் இடைவெளியில் கச்சாங் கடலை விற்கிறவர் வந்தார். இரண்டாவது சுருள் முடிந்தபோது யாரும் கச்சாங் வாங்கவில்லை. மூன்றாவது ஓடும்போது துணிக்குப் பின்பக்கம் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து முன்பக்கம் வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் முதுகுக்குப் பின்னால் வெறும் பால்மரக் காடு. கள்ளுக்கடைக் கூட்டம்கூட வாய் திறக்கவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலும், படம் ஓடும் டிக் டிக் ஒலியும், யாரோ ஒரு குழந்தையின் விக்கலும்.

மூன்றாவது சுருள் முடிந்தது. வெள்ளைத் துணியில் வெறும் வெளிச்சம். படக்காரர் நான்காவது டப்பாவைத் திறந்தார். மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். டப்பா காலி.

வேனுக்குள் தேடினார். ஓட்டுநரைக் கேட்டார். முந்தின நாள் வேறொரு தோட்டத்தில் ஓட்டிய இடத்திலேயே சுருள் தங்கிப் போயிருக்க வேண்டும். அன்றைய சத்தத்தைச் சொல்லி முடியாது. வயதான மண்டோர் ஒருவர் மட்டும் அமைதியாக எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு, “சரி, இன்னிக்கு யாரும் சாகல” என்று சொல்லிவிட்டு நடந்தார். படக்காரர் அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுவதாகச் சத்தியம் செய்தார். வரவில்லை. காலி டப்பாவைத் திடலிலேயே விட்டுப் போயிருந்தார். மறுநாள் பெரட்டுக்குப் போகும் வழியில் டீச்சரின் அப்பா அதை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

கொலைகாரன் யார்? அதுதான் பேச்சு. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது, ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, கோயில் படிக்கட்டில், பள்ளிக்கூட மதிலருகில். அண்ணன் டாக்டர்தான் என்று ஐம்பது காசு பந்தயம் கட்டினான். டாக்டராக நடித்தவரே படத்தையும் எடுத்தவர், சூத்திரக் கயிறு அவர் கையில்தானே இருக்கும் என்பது அவன் வாதம். பொன்னி மேல் பழி போட்டவர்கள்தான் அதிகம். மனம் சரியில்லாதவள், அவள்தான் செய்திருப்பாள். இதைச் சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணும் தங்களை அறியாமல் லயத்தின் கோடிப் பக்கம் போய்வரும்.

அங்கே, கடைசி வீட்டில், ஒரு சின்னம்மா இருந்தார். யாருக்கு நேரடிச் சொந்தம் என்று தெரியாது, எல்லாருக்கும் சின்னம்மா.

அவர் கதையைச் சொல்ல, இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சிவப்பு அட்டைதான். இங்கேயே பிறந்தவர்களில்கூடப் பலர் குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப் போடாமலே விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது, சாட்சிக்கு ஆள் கிடைக்காது, பட்டணம் போய்வர ஒரு நாள் கூலி போகும். பெர்மிட் கிடைக்காத குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. மலேசியா முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் கப்பல் ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் தமிழ்நாட்டுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக இவர்களின் தாத்தாக்களை ஏற்றி வந்தது. அதே கப்பல், தன் கடைசிக் காலத்தில், பேரன்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனது.

அந்த லயத்தில் பத்து வீடு. முதலில் மூன்றாம் வீடு பூட்டப்பட்டது. அடுத்து ஏழாம் வீடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் கூடின. கொஞ்ச நாளைக்கு அந்தப் பெயர்களையும் சேர்த்தே வாசித்தார் அவர், பிறகு ஒருநாள் புது ஏடு போட்டார். சின்னம்மாவின் கணவர் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு முதலில் போனார். ஊரில் இடம் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். இரண்டு கடிதம் வந்தது. அதன்பின் வரவில்லை.

சின்னம்மா இரவில் நடக்க ஆரம்பித்தார். விளக்கு நின்றதும் முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வருவார். ஆள் இருக்கிற வீட்டுக் கதவை ஒரு தட்டு. பூட்டிய வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சங்கிலிச் சத்தம் தோட்டத்துக்குப் பழகிப் போயிருந்தது. படம் வந்து போன பிறகு, அதே சத்தம் வேறு சத்தமானது.

பிள்ளைகள் அவருக்குப் பொன்னி என்று பெயர் வைத்தார்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவரைப்போல நடந்து காட்டுவது விளையாட்டு. இருட்டியதும் அவர் வீட்டுப் பின்கதவைத் தட்டிவிட்டு ஓடுவது அதைவிடப் பெரிய விளையாட்டு. டீச்சரும் தட்டினார். இந்த இடத்துக்கு வரும்போது டீச்சரின் குரல் இன்றும் தாழ்கிறது. கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து சின்னம்மா கேட்ட கேள்வி அவர் காதை விட்டுப் போகவில்லை. “யாரு?” என்று கேட்கவில்லை அவர். “வந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. மறுநாள் இரவு விளக்கு நின்றதும் மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். சின்னம்மா முதல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். மூவரும் நடந்தார்கள். முதல் கதவு. இரண்டாம் கதவு. மூன்றாம் வீட்டில் சின்னம்மா பூட்டைத் தொட்டதும் அம்மா கேட்டார், “இது யாரு வீடுக்கா?” சின்னம்மா அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். அவர் மனைவி பெயரை, பிள்ளைகள் நாலு பேர் பெயரை, அவர்கள் வளர்த்த நாயின் பெயரைச் சொன்னார். ஏழாம் வீட்டிலும் அப்படியே. வாத்தியார் ஏட்டிலிருந்து விழுந்த அத்தனை பெயரும் அந்த அம்மாளிடம் பத்திரமாக இருந்தன. பத்தாவது கதவு அவருடையது. அதைத் தொட்டு, தன் கணவர் பெயரையும் மகன் பெயரையும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதன்பின் எத்தனையோ இரவுகள் அம்மாவும் மகளும் அந்த நடை நடந்தார்கள். சிறுமிக்குப் பயம் போனது எந்த இரவு என்று தெரியவில்லை.

ஒருநாள் வீடு திரும்பும்போது அம்மா ஒன்று கேட்டார். “படத்துல அந்தப் பொன்னிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களாடி?” யாரும் கேட்டிருக்கவில்லை. யார் கொன்றது என்பதுதான் எல்லாருக்கும் முக்கியமாக இருந்தது.

சுருள் வராத டப்பாவில் அம்மா, அப்பாவின் சிவப்பு அட்டையை வைத்தார். பெர்மிட் தாளும் அதற்குள் போனது. அலமாரியின் மேல், சாமி படத்துக்குப் பின்னால் டப்பா இருக்கும். அதை எடுக்கிற சத்தம் கேட்டால் அப்பா ஏதோ அலுவலகத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். அவர் திரும்பி வந்து அதை மறுபடி மேலே வைக்கும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். இந்த லயத்தில் அடுத்து பூட்டப் போவது எந்த வீடு? தோட்டம் அந்தப் படத்தைப் பார்த்து ஏன் அவ்வளவு பயந்தது என்று டீச்சர் பலமுறை யோசித்திருக்கிறார். கத்திக்கும் ரத்தத்துக்கும் அஞ்சுகிற சனங்கள் இல்லை அவர்கள். மூடிய ஓர் இடத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைவதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியில் ஓடியது இரண்டாவது படம்.

சின்னம்மாவைப் பின்னர் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப்போனார்கள். ஈப்போ பக்கம், 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பைத்தியம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வது மலேசியாவில் எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள கெட்ட பழக்கம். தோட்டமும் அப்படித்தான் பேசியது, இனித் திரும்பமாட்டார் என்று. ஆனால் சின்னம்மா ஒரு வருடத்துக்குள் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது, பேச்சு மட்டும் குறைந்திருந்தது. பெரியம்மா வந்து அவரைப் பத்து காவானுக்குக் கூட்டிப்போனார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. படகு ஏறும்போது டீச்சரின் கன்னத்தைத் தொட்டு, “தட்டிட்டு ஓடாதே, உள்ள வா” என்றார். எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

பிறகு வருடங்கள் சரசரவென்று ஓடின. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. தோட்டங்களுக்கு வீடியோ வந்தது. 1986-இல் வெளியான ‘ஊமை விழிகள்’ கேசட் லயம் லயமாகச் சுற்றியது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்த படம், ஆளரவமற்ற இடத்தில் பெண்கள் காணாமல் போகும் கதை. பார்த்தவர்கள் மிரண்டார்கள்தான். ஆனால் கேசட்டை நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், முடிவை முதலிலேயே பார்த்துவிடலாம். முடிவு தெரியாமல் மூன்று வாரம் நடந்த தோட்டத்துப் பேச்சு இனி வராது என்று டீச்சருக்கு அப்போதே தோன்றியது. ‘நடு இரவில்’ கேசட்டாக எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் பினாங்குக் கடைகளில் கேட்டுப் பார்த்தான். கடைக்காரர்கள் ரஜினி படத்தை எடுத்து நீட்டினார்கள்.

தோட்டம் கைமாறியது. லயங்கள் இடிந்தன. இருந்தவர்கள் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் சிதறினார்கள். பத்து காவான் தீவாக இருந்த நினைவே இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. 2014-இல் அங்கிருந்து பினாங்குக்கு 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலம் வந்தது. 2019-இல் ஐக்கியா கடை வந்தது. மகன் அங்கே அலமாரி வாங்கப் போனபோது டீச்சரும் போனார். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, படகுத்துறை எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

தோட்டத்துக் கதைகள் திரைக்கு வந்திருக்கின்றன. தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த ‘செம்மண் சாலை’யில் படிக்க ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண் வருகிறாள். சஞ்ஜெய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்தது. தோட்டத்தை இழந்து வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது பெற்றது. டீச்சர் அதை இரண்டு முறை பார்த்தார், இரண்டு முறையும் அழுதார். ஆனாலும் ஓர் ஆசை மிச்சம் இருக்கிறது. பத்து வீட்டு லயம், விளக்கு நின்ற இரவு, பூட்டை இழுத்துப் பார்க்கும் ஒரு பெண். இதை யாராவது ஒரு திகில் படமாக எடுக்க வேண்டும். பேய் வேண்டாம், கொலையும் வேண்டாம். அந்தச் சங்கிலிச் சத்தம் போதும்.

பேரன் பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது கொள்ளுத்தாத்தாவா? ஏன் சிவப்பு?” அதற்குப் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரமானது. அப்பா நாற்பது வருடம் பால் வெட்டினார், அந்த அட்டையோடுதான் கண்ணை மூடினார். நீல அட்டை கடைசிவரை வரவில்லை.

கதை கேட்டு முடித்தவன் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினான். “பாட்டி, ‘நடு இரவில்’தானே? இங்க முழுப் படமும் இருக்கு.”

டீச்சருக்குக் கை நடுங்கியது. தேடிப் பார்க்கலாம் என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் மனதில் அந்தப் படம் மூன்று சுருளோடு முடிந்துபோயிருந்தது. பேரன் தொலைக்காட்சியில் இணைத்தான். அதே ஏரி, அதே பங்களா. மேஜரின் குரல். பண்டரிபாயின் கண்கள். இப்போது டீச்சரால் பொன்னியை விட்டு வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் யார் கொன்றது என்று ஓடிக்கொண்டிருக்க, அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் வெள்ளைத் துணி வெறுமையானதோ, அந்த இடம் வந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நிறுத்து.”

“ஏன் பாட்டி? இனிமேதானே...”

சுங்கை பாக்காப்பில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு எழுபது ஆகப் போகிறது, முழங்கால் வலி, காதும் கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“கடைசிச் சுருள் கெடச்சிருச்சுண்ணே.”

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, “பார்த்துட்டியா?” என்றார்.

“இல்ல.”

“பார்க்காதே. நாளைக்குச் சாயந்திரம் வர்றேன். அந்த ஐம்பது காசு யாரு தரணும்னு தெரிஞ்சாகணும்.”

மறுநாள் அவர் கையில் கச்சாங் பொட்டலத்தோடு வந்தார். வரும் வழியில் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, அந்த லயத்தின் ஐந்தாம் வீட்டில் இருந்த அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அவருக்கு எண்பதுக்கு மேல். சோபா இருந்தும் மூவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காலி டப்பா நடுவில் இருந்தது, பேரன் அதில் கச்சாங்கைக் கொட்டினான். ஐந்தாம் வீட்டு அக்கா திரையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அந்தக் கடைசி வீட்டுப் புள்ள இருந்திருக்கணும்” என்றார்.

பேரன் எழுந்து போய் விளக்கை அணைத்தான்.